நாடுகாணிக்கு எப்போது, எந்த வழியாக?

“ஊட்டிக்குப் போகிறோம், அப்படியே நாடுகாணியையும் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?”

நீலகிரியைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகளில் இந்த வகைதான் அதிகம். கேட்பவர் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். தொட்டபெட்டா, படகு இல்லம், பைக்காரா, முதுமலை என்று போய், கடைசி வரியில் நாடுகாணி தொங்கிக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரே மாவட்டம்தானே, பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் நாடுகாணி ‘அப்படியே’ வராது. அதற்கென்று ஒரு நாளை எடுத்து வைத்தால்தான் வரும். ஏன் என்பதைச் சொல்லிவிட்டால் பாதித் திட்டம் முடிந்தது.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே பைக்காரா, நடுவட்டம் வழியாக இறங்கினால் 50 கிலோமீட்டரில் கூடலூர். அதன் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர்தான். ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கியபிறகு மரம் மாறிவிடும், காற்று மாறிவிடும், கடையில் பேசும் பேச்சும் மாறிவிடும். கூடலூரிலிருந்து இன்னும் மேற்கே கொஞ்ச தூரம் போனால் நாடுகாணி. ஒரு சிறு கடைத்தெரு, ஒரு செக்போஸ்ட், இரண்டாகப் பிரியும் சாலை, அவ்வளவுதான் ஊர். ஒரு சாலை சுரம் இறங்கி வழிக்கடவு, நிலம்பூர் என்று கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்துக்குப் போகிறது. இன்னொன்று தேவாலா, பந்தலூர், சேரம்பாடி வழியாக வயநாட்டுக்கு.

அதாவது, ஊட்டி மலையின் உச்சியில் என்றால் நாடுகாணி மலையின் மேற்கு விளிம்பில். சரித்திரமும் அப்படித்தான் சொல்கிறது. 1877 வரை இந்தப் பகுதி நீலகிரியோடு சேர்ந்ததே இல்லை. மலபார் மாவட்டத்து வயநாட்டின் தென்கிழக்கு மூலையாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் நிர்வாக வசதிக்காக அதை எடுத்து நீலகிரியோடு ஒட்டினார்கள். ஒட்டி நூற்றைம்பது ஆண்டு ஆகப்போகிறது. மழை இன்னும் வயநாட்டு மழைதான்.

மழையைத்தான் முதலில் பேச வேண்டும். ‘ஊட்டி சீசன்’ என்று நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் ஏப்ரல், மே கணக்கு இந்தப் பக்கம் பொருந்தாது. கோடை விடுமுறையில் கூடலூர் பக்கம் வெயில் உறைக்கும். ஸ்வெட்டரைச் சுமந்து வந்தவர்கள் வண்டியிலேயே விட்டுவிட்டு நடப்பார்கள். ஜூன் பிறந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து நேராக வந்து முட்டுவது இந்தச் சரிவில்தான். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களின் வரிசையில் பக்கத்து தேவாலாவுக்கு நிரந்தர இடம் உண்டு. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நாள்கணக்கில் விடாமல் ஊற்றும். கரன்ட் போகும், மரம் விழும், அட்டைகள் செருப்புக்குள் ஏறும். அழகாக இருக்காதா என்று கேட்டால், மிக அழகாக இருக்கும். ஆனால் பார்த்து ரசிக்கிற அழகுக்கும், குழந்தையையும் முழங்கால் வலி உள்ள அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிற திட்டத்துக்கும் ரொம்ப தூரம்.

2019 ஆகஸ்டை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம், நிலம்பூரை அடுத்த கவளப்பாறையில் மண் சரிந்து 59 பேர் மாண்டார்கள். நாடுகாணிச் சுரத்திலும் பாறையும் மண்ணும் இறங்கிப் போக்குவரத்து நின்றது. 2024 ஜூலை கடைசியில் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையில் நடந்த நிலச்சரிவை நாடே பார்த்தது. ஒரே மலைத்தொடர், ஒரே மழை. எனவே மழைக்காலத்தில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தால் கிளம்பாதீர்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் பெரும்பாலும் மாவட்ட நிர்வாகமே சுற்றுலா இடங்களை மூடிவிடும். போய் வாசலில் நிற்பதுதான் மிச்சம்.

அப்படியானால் எப்போது? செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. மழை விட்டு எல்லாம் கழுவிவிட்டதுபோல் பச்சையாக இருக்கும். ஓடைகளில் தண்ணீர் இருக்கும். வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கம் கொஞ்சம் தலைகாட்டும், ஆனால் ஜூலை மாதிரி ஆட்டம் போடாது. பிப்ரவரி, மார்ச்சில் காடு காய்ந்துவிடும். காட்டுத்தீ பயத்தால் வனத்துறையும் கெடுபிடி காட்டும்.

அடுத்து வழி. தூரத்தைப் பார்த்து வழி போடுவதுதான் நம் வழக்கம். இங்கே வாசல்களைப் பார்த்துப் போட வேண்டும். எந்த வாசல் எப்போது திறந்திருக்கும், யாரை விடும், எதைக் கேட்கும் என்பதே கணக்கு.

மைசூரிலிருந்து வருவதென்றால் பந்திப்பூர், முதுமலைக் காடுகளைக் கடக்க வேண்டும். அந்தச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். இரவில் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் செத்துக்கொண்டிருந்ததால் 2009-ல் கொண்டுவந்த தடை இது. அடுத்த ஆண்டு கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பெங்களூரில் வேலை முடித்துவிட்டு மாலை ஐந்துக்குக் கிளம்பி, ராத்திரி கூடலூரில் தூங்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மைசூரில் தங்கிவிட்டு விடியற்காலை கிளம்புவதுதான் வழி. காலை ஆறு மணிக்குக் காட்டுக்குள் நுழைகிறவருக்கு மானும் காட்டெருமையும் இலவசம்.

கோவையிலிருந்து வருகிறவர்கள் மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி ஏறி, மறுபக்கம் கூடலூருக்கு இறங்குகிறார்கள். இரண்டு மலைப்பாதை, ஏராளமான கொண்டை ஊசி வளைவு. வண்டியில் வாந்தி வருகிறவர் யாராவது இருந்தால் ஒரே நாளில் இதைச் செய்ய வேண்டாம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுப் பாதை வரைபடத்தில் குறுக்குவழியாகத் தெரியும். மிகச் செங்குத்தான இறக்கம் அது. பல உயிர்களை வாங்கியிருக்கிறது. வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கட்டுப்பாடு உண்டு. போன் காட்டுகிறது என்பதற்காக அந்தப் பக்கம் திருப்பாதீர்கள்.

நான் வாசகர்களுக்கு அடிக்கடி சொல்லும் வழி வேறு. தமிழ்நாட்டுக்காரர்கள் யாரும் யோசிக்காத வழி: ரயிலில் ஷொரணூர், அங்கிருந்து நிலம்பூர். சென்னையிலிருந்து மங்களூர் போகும் ரயில்கள் ஷொரணூரில் நிற்கும். ஷொரணூரிலிருந்து நிலம்பூருக்கு 66 கிலோமீட்டர் கிளைப்பாதை. இருபுறமும் மரங்கள் ரயிலைத் தொட்டுவிடுவதுபோல் நிற்க, சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் நின்று நின்று போகும். நிலம்பூரில் இறங்கினால் 1840-களில் கனோலி என்ற கலெக்டர் போட்ட தேக்குத்தோட்டம் இருக்கிறது. உலகின் மிகப் பழைய தேக்குத்தோட்டங்களில் ஒன்று. ஆங்கிலேயக் கப்பல்களுக்கு மரம் வேண்டி, சாத்து மேனன் என்ற உள்ளூர்க்காரரின் உழைப்பில் வளர்ந்தது. பார்த்துவிட்டு வழிக்கடவு போய்ச் சுரம் ஏறினால், முடிவில் நாடுகாணி. இங்கே ஒரே ஏற்றம்தான். கூடலூர் போகும் பேருந்துகள் இந்தச் சாலையில் ஓடுகின்றன. மலையைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டு வருவது தனி அனுபவம். சமவெளி ரப்பர், பிறகு காடு, மூங்கில், பிறகு திடீரென்று தேயிலை.

இனி இ-பாஸ். இதைப் பற்றிய குழப்பம் தீரவே தீராது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருகிறவர்களுக்கு இது தேவையில்லை. உள்ளூர் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. மாவட்டத்துக்குள் நுழையும் எல்லாச் சாலைகளிலும் சோதனை இருக்கிறது. கல்லாறு, குஞ்சப்பனை, கக்கநல்லா, பாட்டவயல், தாளூர், சோலாடி என்ற வரிசையில் நாடுகாணியும் ஒன்று. கேரளத்திலிருந்து வருகிறோம், ஊட்டிக்கே போகவில்லை, நாடுகாணியோடு திரும்பிவிடுவோம் என்று செக்போஸ்டில் நின்று வாதாடுவதைவிட, வீட்டிலிருந்தே எடுத்து வந்துவிடுவது நல்லது. காசு இல்லை, பத்து நிமிட வேலை. வரம்புக் கணக்கும் விதிவிலக்கும் சீசனுக்கு சீசன் மாறுகின்றன. கிளம்புவதற்கு முந்தின வாரம் அரசின் இ-பாஸ் தளத்தில் ஒருமுறை பாருங்கள். எந்தக் கட்டுரையையும், இதையும் சேர்த்து, இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம்.

வண்டியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் அதையும் வாங்கிக்கொள்வார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

இப்படி அடிக்கடி மாறும் விவரங்களைப் போய்வந்தவர்கள்தான் சரியாகச் சொல்ல முடியும். பயணிகளிடமிருந்து எழுத்தாளன் கற்றுக்கொள்வது புது விஷயமல்ல. 19-ம் நூற்றாண்டில் லண்டனில் மர்ரேயும் ஜெர்மனியில் பெடேக்கரும் வழிகாட்டி நூல்களை ஒரு தொழிலாகவே நடத்தியபோது, நூலில் தவறு கண்டால் எழுதி அனுப்புங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த பதிப்பு அந்தக் கடிதங்களால் திருந்தியது. தமிழில் இந்த வேலைக்கு முன்னோடி ஏ.கே. செட்டியார். உலகம் சுற்றி வந்து எழுதியதோடு நிற்காமல், நூறாண்டுக் காலத்தில் தமிழர்கள் எழுதிய பயணக் குறிப்புகளைப் பழைய பத்திரிகைகளில் தேடித் தொகுத்தார். தன்னைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினார். ஓட்டல் வாடகை, ரயில் நேரம், யார் என்ன சொன்னார்கள் என்பதுதான் அவர் எழுத்தில் இருக்கும். வாசகருக்கும் எழுதுகிறவருக்கும் உள்ள உறவு அந்த விவரங்களில்தான் கட்டப்படுகிறது என்று நான் நினைக்கிறேன். மேகம் தழுவிய மலை முகடு என்று எழுதினால் ‘அருமை’ என்று ஒரு வரி வரும். கூடலூரிலிருந்து நாடுகாணிக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று எழுதினால், பந்தலூரிலிருந்து ஒருவர், “அந்த வண்டி மழைநாளில் ஓடாது சார்” என்று எழுதுவார். இரண்டாவது பதில்தான் அடுத்தவருக்கு உதவும்.

உள்ளூர் வாசகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது யானையைப் பற்றித்தான். இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக 1986-ல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளத்துக்குள் இருக்கிறது இந்த ஊர். முதுமலைக்கும் வயநாட்டுக்கும் நிலம்பூர்க் காட்டுக்கும் இடையே யானைகள் நடமாடும் வழியில் தேயிலையும் வீடுகளும் சாலையும் வந்துவிட்டன. 2022-ன் கடைசியில் தேவாலா பகுதியில் ஒரு மக்னா (தந்தமில்லாத ஆண் யானை) வீடுகளை உடைத்து, ஒரு பெண்ணின் உயிரையும் பறித்தது. வனத்துறை பிடித்து, ரேடியோ காலர் மாட்டி முதுமலையில் விட்டது. சில வாரங்களில் அது மாநில எல்லை தாண்டி சுல்தான்பத்தேரி கடைவீதிக்கே வந்து நின்றது. கேரள வனத்துறை மறுபடி பிடித்தது. ‘பந்தலூர் மக்னா 2’ என்ற பெயரை இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளும் சொல்லும். யானைக்கு செக்போஸ்ட் கிடையாது.

எனவே மாலை ஆறுக்கு மேல் சாலையில் இருக்கிறமாதிரி திட்டமே போடாதீர்கள். டீத்தோட்டத்துக்குள் படம் எடுக்க இறங்காதீர்கள். புதருக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. யானை சாலையில் நின்றால் ஹாரன் அடிக்காமல், இறங்காமல், பின்னால் எடுத்து நிறுத்துங்கள். உள்ளூர் ஜீப்காரர் என்ன செய்கிறாரோ அதைச் செய்யுங்கள்.

சரி, இவ்வளவு பாடுபட்டுப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

முதலில் ஜீன் பூல். நாடுகாணியில் வனத்துறை 1980-களின் இறுதியில் தொடங்கிய மரபணுப் பூங்கா. மேற்குத் தொடர்ச்சி மலையில் அழிந்துகொண்டிருக்கும் மரம், செடி, மூலிகை, பெரணி, ஆர்க்கிட் ஆகியவற்றைக் கொண்டுவந்து காப்பதற்காக உண்டாக்கியது. ஊட்டி தாவரவியல் பூங்காவின் பூப்பாத்தியை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். இது நடந்து பார்க்க வேண்டிய காடு. கண்காட்சிக்கூடம் இருக்கிறது, மேலேயிருந்து பார்த்தால் மேற்கே மலை சட்டென்று முடிந்து நிலம்பூர்ச் சமவெளி விரிவது தெரியும். அந்தக் காட்சி மூடுபனி விலகும் நேரத்தில்தான் கிடைக்கும், அது யார் கையிலும் இல்லை. செடிகளில் ஆர்வம் உள்ளவருக்கு அரை நாள் போதாது. ஆர்வம் இல்லாதவருக்கு ஒரு மணி நேரமே அதிகம். உங்கள் வீட்டில் யார் எந்த வகை என்பதைக் கிளம்புவதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் பலகை வைத்து டிக்கெட் போடாதவை. எனக்கு அவைதான் பிடிக்கும். நாடுகாணியிலிருந்து தேவாலாவுக்குப் போகும் சாலையில் இன்று தேயிலைதான் தெரியும். 1880-ஐ ஒட்டி அந்த மண்ணுக்காக லண்டனில் பங்குச்சந்தையே பித்துப்பிடித்து ஆடியது. தேவாலா, பந்தலூர்ப் பாறைகளில் தங்கம் இருக்கிறது என்ற செய்தி பரவி, கம்பெனிகள் முளைத்தன, இயந்திரங்கள் மலையேறின, வெள்ளைக்காரச் சுரங்கக்காரர்கள் வந்து குவிந்தார்கள். தங்கம் இருந்தது உண்மை. செலவுக்குக் கட்டுபடியாகும் அளவுக்கு இல்லை. சில ஆண்டுகளில் எல்லாம் காற்றுப் போனது. காபியும் தேயிலையும்தான் மிஞ்சின. கைவிட்ட சுரங்கக் குழிகள் இன்னும் காட்டுக்குள் கிடக்கின்றன. யாராவது கூட்டிப்போகிறேன் என்று சொன்னால் போகாதீர்கள். திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டப் போய் மண்ணில் புதைந்து செத்தவர்கள் உண்டு.

டீக்கடையில் உட்கார்ந்தால் இன்னொரு சரித்திரம் காதில் விழும். பெஞ்சில் ஒரு பக்கம் மலையாளம், ஒரு பக்கம் தமிழ், அந்தத் தமிழில் ஒரு வகை இலங்கை மலையகத்துத் தமிழ். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதாக முடிவானது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கவே தமிழக அரசு இந்தச் சரிவுகளில் தேயிலை போட்டது. 1976-ல் அது டேன்டீ என்ற அரசுக் கழகமானது. பண்டாரவளையிலும் அட்டனிலும் கொழுந்து பறித்தவர்கள் பந்தலூரிலும் சேரம்பாடியிலும் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால், எல்லோருக்கும் முன்னால், இங்கே இருந்தவர்கள் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர். அவர்களுடைய குடியிருப்புக்குள் காமிராவோடு நுழைவது எந்தத் திட்டத்திலும் இருக்கக் கூடாது.

தங்குவதற்கு இங்கே ஊட்டி மாதிரி வசதி இல்லை. ஏன் என்று பலர் கேட்பார்கள். இந்த நிலங்களில் பெரும்பகுதி ஒருகாலத்தில் நிலம்பூர்க் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மி நிலம், அதாவது பரம்பரை உடைமை. 1969-ல் அரசு ஜென்மி முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. அதைத் தொடர்ந்த வழக்குகளால் பல ஆயிரம் பேருக்கு இன்னும் பட்டா இல்லை. கட்டடம் கட்ட அனுமதி வாங்குவது லேசில்லை. ஆகவே கூடலூரில் தங்கிப் பகலில் நாடுகாணி போய்வருவதே பலருக்கும் சரிப்படும். ஹோம்ஸ்டே பிடிப்பதாக இருந்தால் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். யானை வழித்தடத்தில் முளைத்த மசினகுடிப் பக்கத்து விடுதிகளுக்கு 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவால் சீல் வைத்தது நினைவிருக்கட்டும்.

கடைசியாக, திட்டம் கேட்டு எழுதும் வாசகர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். இவற்றுக்கு விடை இருந்தால் என்னைக் கேட்கவே வேண்டாம். எந்த மாதம்? கூட வருபவர்களில் வயதானவர் உண்டா, மலைப்பாதை ஒத்துக்கொள்ளாதவர் உண்டா? சொந்த வண்டியா, பேருந்தா? எத்தனை மணிக்கு இருட்டுகிறது, அப்போது எங்கே இருப்பீர்கள்? ஒரு நாள் மழையில் போனால் அந்த நாளை விட்டுக்கொடுக்க மனம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்பவருக்கு நான் நாடுகாணியைச் சொல்வதில்லை, குன்னூரைச் சொல்லிவிடுவேன்.

போய்வந்தபின் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: எந்தத் தேதி, எந்த வழி, எங்கே நிறுத்தினார்கள், எது மூடியிருந்தது. படம் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். அடுத்த மாதம் அதே சாலையில் குழந்தைகளோடு போகப்போகிறவருக்கு அந்த இரண்டு வரிதான் தேவைப்படும்.